பார்த்த குற்றம்

காலை ஒன்பது பத்துக்குப் புகார் கொண்டோ குடியிருப்பின் போன் ஆப்பில் ஏறியது. ஒன்பதரைக்கு மேற்பார்வையாளர் சேவியர், துப்புரவு வேலை பார்க்கும் முத்தாயியைக் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கக்கா."

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். முத்தாயி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.

"பன்னெண்டாவது மாடி மேடம் எழுதியிருக்காங்க. படிக்கிறேன் கேளுங்க. உங்கள் கிளீனர் மூன்று நாளாக என் மகனை ஐபால் பண்ணிக்கொண்டிருக்கிறார். அச்சமாக இருக்கிறது. உடனே நடவடிக்கை எடுக்கவும்."

ஐபால் என்ற சொல் முத்தாயிக்குப் புதிதல்ல. சேவியரே தினமும் காலையில் சொல்லுவார்: கார் நிறுத்தத்தில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா, ஒரு ஐபால் பண்ணிட்டு வாங்கக்கா. லிஃப்ட் கண்ணாடியில் கைரேகை இருக்கிறதா, ஒரு ஐபால் பண்ணுங்கக்கா. சட்டென்று ஒரு நோட்டம் விட்டு வா என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அவள் எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே சார் தினமும் பண்ணச் சொல்றீங்க?"

"அது தரைய. இது ரெசிடென்ட் பெத்த பிள்ளைய." சேவியர் போனைக் கவிழ்த்து வைத்தார். "முறைக்கிறது, வெறிக்கிறது, அதெல்லாம் இதுல அடக்கம். இனிமே தரையைப் பாருங்க. அதுக்குத்தான் சம்பளம்."

"சார், அந்தப் பிள்ளையோட கண்ணுல..."

"வேணாம்."

"எடது கண்ணுக்குள்ள வெள்ளையா மின்னுது சார். நான் பாத்தேன். உடனே டாக்டர்கிட்ட காட்டணும். நீங்களாச்சும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க."

சேவியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்படிப் பார்ப்பதற்கு எந்த ஆப்பிலும் யாரும் புகார் எழுதுவதில்லை. "நீங்க டாக்டரா? நான் டாக்டரா? ரெசிடென்ட்கிட்ட உடம்பைப் பத்திப் பேசினா நாளைக்குக் கேஸ் போடுவாங்க. கம்பெனிக்கு கான்ட்ராக்ட் போயிடும். போங்கக்கா, போய் ஆறாவது மாடிய முடிங்க."

முத்தாயி ஆறாவது மாடிக்குப் போனாள்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. செம்பவாங்கில் பிறந்தவள், அப்பா கப்பல் பட்டறையில் கூலி. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரி ஓட்டிய கணவன் இறந்து பதினோரு வருடமாகிறது. ஆங் மோ கியோவில் இரண்டறை வீட்டில் மகன் சரத்தோடு இருக்கிறாள். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் இந்த முப்பது மாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. எட்டு வருடத்தில் அவள் மேல் வந்த முதல் புகார் இது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் லிஃப்ட் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பன்னிரண்டாம் மாடி அனுப்ரியா தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்தாள். பிள்ளை ரித்திக்குக்குப் பதினான்கு மாதம். கன்னத்தில் காசளவு மைப் பொட்டு, அரையில் கறுப்புக் கயிறு, தொடையில் அப்போதுதான் போட்டுவந்த தடுப்பூசியின் சின்ன பிளாஸ்டர். கண்ணாடிக் கதவு வழியே வெயில் பக்கவாட்டில் விழுந்தது. பிள்ளை திரும்பியது. அதன் இடது கண்மணிக்குள், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், பாலில் நனைத்த கண்ணாடித் துண்டு போல ஒரு வெண்மை மின்னி மறைந்தது.

முத்தாயியின் கையிலிருந்த துடைப்பம் நின்றுபோனது.

அந்த வெண்மையை அவள் இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் தன் வீட்டுக் கூடத்தில் பார்த்தவள். சரத்துக்கு அப்போது ஒன்றரை வயது. பூனைக்கண் என்று கொஞ்சினார்கள். பிறகு கண் மாறுகண்ணானது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மாமியார் உப்பு சுற்றிப் போட்டாள். கோயிலில் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தச் சொன்னார் ஒரு பெரியவர். சாத்தினாள். மறுமாதமும் சாத்தச் சொன்னார். சாத்தினாள். இப்படியே ஆறு மாதம் போனது. வெள்ளிக் கண்கள் உண்டியலில் விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் பிள்ளையின் கண் ஆஸ்பத்திரித் தட்டில் விழுந்தது. கண்ணுக்குள் புற்று, சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கண்ணைக் காப்பாற்ற வழி இருந்தது, இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளையே இருந்திருக்காது என்றார் டாக்டர். அந்தப் பெரியவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: கண் போனாலும் உயிரை விட்டுவைத்தாள் அல்லவா அம்மன்! முத்தாயி அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். எந்தப் புத்தகத்தைப் படித்தும் நிறுத்தவில்லை. தட்டைப் பார்த்து நிறுத்தினாள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை பார்த்தது போதவில்லை என்று புதன்கிழமையும் பார்த்தாள். தவறாகச் சொல்லி ஒரு தாயின் வயிற்றில் நெருப்பைக் கொட்டக்கூடாது. நிழலில் பார்த்தாள், விளக்கில் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். வியாழக்கிழமை அந்த வெண்மை மறுபடி மின்னியபோது அவளுக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை புகார் வந்தது.

அன்று சாயங்காலம் சரத் வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள்.

"ஐபால்னா என்னடா?"

கிடங்கில் பெட்டி எண்ணிச் சரிபார்க்கும் வேலை அவனுக்கு. போனில் அகராதியைத் திறந்தான். "பேச்சு வழக்குன்னு போட்டிருக்கும்மா. முதல் அர்த்தம், கண்ணு கொட்டாம, கிட்டத்துல முறைச்சுப் பாக்குறது. சண்டைக்கு இழுக்குற பார்வை. ஸ்கூல்ல என்னப் பாத்து என்ன லுக்குன்னு அடிக்க வருவானுங்கள்ல, அது."

"அடுத்தது?"

"அளவுகோல், மெஷின் எதுவும் இல்லாம கண்ணாலயே மதிப்புப் போடுறது. கான்ட்ராக்டர் சுவத்தப் பாத்ததும் இத்தன டின் பெயிண்டுன்னு சொல்வான்ல."

"நான் பண்ணது ரெண்டாவது."

"அது உங்களுக்குத் தெரியும். அந்த மேடத்துக்கு உங்களப் பாத்தா முதல் அர்த்தம்தான் தோணும்." சரத் சிரித்தான். "எனக்கு அந்தக் கவலையே இல்லலா. நான் பண்ணாலும் அரை ஐபால்தான்."

முத்தாயி சிரிக்கவில்லை. அவனுடைய இடது கண் செயற்கைக் கண். சின்ன வயசிலிருந்தே இந்த மாதிரிப் பகடியை அவளிடம் மட்டும்தான் சொல்லுவான்.

"சொல்லிடலாமாடா?"

"சொன்னா வேலை போகும்."

"சொல்லலன்னா?"

அவன் எழுந்து சோற்றைப் போட்டுக்கொண்டான். பாதிச் சாப்பாட்டில் சொன்னான்: "ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. நல்ல கண்ணு சிவப்பா விழும். கெட்டது வெள்ளையா விழும். நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. அவங்க போன் சொன்னா நம்புவாங்க."

சனிக்கிழமை காலை அவள் காத்திருந்தாள். அனுப்ரியா வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். முப்பத்திரண்டு வயது, பெரிய வங்கியில் வேலை. எந்தக் கடன் எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட்டுச் சொல்லும் பிரிவு.

"மேடம், ரெண்டே நிமிஷம்."

"ஆன்ட்டி, உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. நான் பிள்ளைய முறைக்கலம்மா. அவன் எடது கண்ணுக்குள்ள வெள்ளையா ஒண்ணு தெரியுது. வெளிச்சம் பக்கத்துல இருந்து விழுறப்ப பாருங்க. போன்ல ஃபிளாஷ் போட்டு ஒரே ஒரு போட்டோ..."

"ஸ்டாப்."

"என் மகனுக்கு இதேதான்மா வந்துச்சு..."

"ஸ்டாப்னு சொல்றேன்ல! என் பிள்ளையப் பத்திக் கண்டதும் பேசாதீங்க."

"லேட்டானா கண்ணு போயிடும்மா."

சொல்லியாகிவிட்டது. தமிழ்த் தாயிடம் சொல்லவே கூடாத சொல். பிள்ளை அழகாயிருக்கிறது என்றால் கண் பட்டுவிடும். பிள்ளைக்குக் குறை என்றால் அது சாபம். நடுவில் உண்மைக்கு நிற்க இடமே கிடையாது. அனுப்ரியா சட்டென்று குனிந்து பிள்ளையின் கன்னத்துப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள், அது அழிந்துவிடவில்லையே என்பதைப் போல.

"உங்க நாக்கு என்ன நாக்கு? செவ்வாக்கிழமை நீங்க இப்படித்தான் நின்னு வெறிச்சுப் பாத்தீங்க. அன்னைக்கு நைட்டே முப்பத்தொம்பது காய்ச்சல். தெரியுமா உங்களுக்கு?"

"அது ஊசி போட்ட காய்ச்சல்மா. தொடையில பிளாஸ்டர் இருந்துச்சே..."

"அதையும் பாத்தீங்களா?"

பிள்ளை முத்தாயியைப் பார்த்துச் சிரித்தது. அனுப்ரியா வண்டியின் கூரையை இழுத்து மூடினாள்.

கண் வைத்துவிட்டாள் என்று ஆப்பில் எழுத முடியாது. எழுதினால் நிர்வாகம் சிரிக்கும். படித்தவள் அல்லவா? அதனால்தான் பாட்டன் காலத்துப் பயத்துக்கு ஆங்கிலச் சட்டை ஒன்றைப் போட்டு அனுப்பினாள். ஐபால் என்று எழுதினால் அது குடியிருப்பாளரின் பாதுகாப்புப் பிரச்சினை. கோப்பு திறக்கும், கடிதம் போகும், ஒருத்தியின் வேலை போகும். உப்பும் மிளகாயும் செய்யாததை ஒரு சொல் செய்துவிடும்.

இரண்டாவது புகார் பதினொரு மணிக்கு வந்தது. இந்த முறை சேவியர் உட்காரவும் சொல்லவில்லை. தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்.

"மன்னிப்புக் கடிதம். கையெழுத்துப் போடுங்க. போட்டா கேலாங்ல வேற சைட் தர்றேன். போடலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"என்ன எழுதியிருக்கு சார்?"

"குடியிருப்பாளரின் குழந்தையை நான் ஐபால் செய்தது தவறு. அவர்கள் மனம் புண்படும்படி பேசியதும் தவறு. இனி எந்தக் குடியிருப்பாளரையும் நேருக்கு நேர் பார்க்க மாட்டேன். அவ்வளவுதான்."

முத்தாயி பேனாவை வாங்கினாள். தன் பெயரை எழுதினாள். பிறகு, அதற்குக் கீழே, ஆறாம் வகுப்புக் கையெழுத்தில் நிதானமாக ஒரு வரி எழுதினாள்: பிள்ளையின் இடது கண்ணை இந்த வாரமே டாக்டரிடம் காட்டவும்.

சேவியர் அதை எட்டிப் படித்தார். தாளை நான்காகக் கிழித்தார்.

"அக்கா, இது மன்னிப்புக் கடிதம். மருந்துச் சீட்டு இல்ல." இன்னொரு பிரதி எடுத்தார். அச்சுப்பொறி மெதுவாகத் தாளைத் துப்பியது. "பேரு மட்டும்."

 கையெழுத்துப் போட்டால் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வழி அடைபடும். போடாவிட்டாலும் நாளை முதல் இந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. வழி அப்போதும் அடைபட்டதுதான். போட்டால் வாடகைக்காவது வழி மிஞ்சும். பெயரை மட்டும் போட்டாள்.

"ஒரு உதவி சார். கடுதாசி கொடுக்கறப்ப வாயாலயாச்சும் சொல்லுங்க."

"சரி சரி."

சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் கெட்டவர் அல்ல. வீட்டில் மூன்று பிள்ளைகள், அம்மாவுக்கு டயாலிசிஸ். எவ்வளவு கொடுமை கெட்டவர்கள் இல்லாமலே நடந்துவிடுகிறது!

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கடைசி நாள். பன்னிரண்டாவது மாடியில் குப்பைக் குழாய்க்குப் பக்கத்தில் தரையெங்கும் கல்லுப்பு சிதறிக் கிடந்தது. நடுவே வற்றல் மிளகாய், கருகிய சூடம், பிழிந்தெறிந்த எலுமிச்சம்பழம் ஒன்று. குழாய்க்குள் போடக்கூட அவர்களுக்குப் பொறுமையில்லை. இது யாருடைய கண்ணுக்காகச் சுற்றிப் போட்டது என்று முத்தாயிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் மண்டியிட்டு அதைக் கூட்டி அள்ளினாள். உப்பு விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. கதவு எண்ணைப் பார்த்தாள். தட்டலாமா?

தட்டினாள்.

உள்ளே பிள்ளையின் சத்தம் கேட்டது. காலடி கதவுவரை வந்தது. கதவிலிருந்த பார்வைத் துளை இருண்டது. யாரோ அதன் வழியே அவளை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு துளை வெளுத்தது. காலடி உள்ளே போயிற்று. கதவு திறக்கவில்லை.

கேலாங்கில் அவளுக்கு ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தைக் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு அங்கே இரும்புக் கதவுகள் மட்டும்தான். சம்பளம் முன்பைவிடக் குறைவு. முதல் வாரம் சரத் ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, அந்த வீட்டின் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். பெயர் போட்டிருந்தான், போன் எண் போட்டிருந்தான், தன் சிறுவயதுப் படம் ஒன்றையும் வைத்திருந்தான். நான்காம் நாள் சேவியர் போன் பண்ணினார். "அக்கா, மகன் கடுதாசி போட்டானாமே? அந்த மேடம் போலீசுக்குப் போறேன்றாங்க. ஹராஸ்மென்ட்டாம். நான் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தியிருக்கேன். இன்னொரு தடவ வேணாம்."

இன்னொரு தடவை அவர்கள் போகவில்லை. இது சரிதானா என்று முத்தாயி தினமும் தன்னையே கேட்டுக்கொண்டாள். 

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டேக்கா மார்க்கெட் கூட்டத்தில் நெரிந்தது. முத்தாயி ஒரு காய்கறிக் கடையில் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. முதலில் அவள் கண்ணில் பட்டது பிள்ளையின் முகம். இடது கண்ணை மூடிச் சதுரமாக ஒரு பஞ்சுக்கட்டு.

முருங்கைக்காய் கையிலிருந்து நழுவியது.

"எடுத்துட்டாங்களாம்மா?"

அனுப்ரியா நிமிர்ந்தாள். கண்ணடியில் கருவளையம், இளைத்துப்போன தோள். ஒரு கணம் யாரென்று புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவள் முகம் கோணியது.

"நீயா!"

"எப்பம்மா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்ன சொன்னாங்களா? நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருக்கணும்னு சொன்னாங்க! கண்ணக் காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்க!" அவள் குரல் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஏறியது. "நாலு மாசத்துக்கு முன்னாடி என் பிள்ளைக்கு என்ன இருந்துச்சு? ஒண்ணுமே இல்ல! நீ வந்து நின்னு பாத்தே! கண்ணு போயிடும்னு உன் வாயால சொன்னே! சொன்னபடி போயிடுச்சு! இப்ப நிம்மதியா உனக்கு?"

 டாக்டர் சொன்ன தேதியையே அந்தத் தாய் முத்தாயிக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிட்டாள். வங்கியில் எத்தனை ஆபத்தை எண்ணிப் பார்த்தவள்! இந்த ஒரு கணக்கை அவள் வேறு மாதிரி போட்டால், கண்ணைத் தொலைத்தது தான்தான் என்று விடை வரும். அந்த விடையோடு அவளால் ஒரு நாளும் தூங்க முடியாது. அதற்குப் பதில் சொல்ல யாராவது வேண்டும். துடைப்பக்காரி கிடைத்தாள்.

இதெல்லாம் முத்தாயிக்கு அப்போதே புரிந்தது. அவளும் ஒருகாலத்தில் மாமியார் மேலும், எதிர்வீட்டுக்காரி மேலும் பழி போட்டு இரவுகளைக் கழித்தவள். கோபம் வரவில்லை. ஒரே ஒரு பயம்தான் இருந்தது.

"மேடம், என்ன எவ்வளவு வேணா திட்டுங்க. வலது கண்ணு? அதைப் பாத்தாங்களா? சில பிள்ளைக்கு ரெண்டுலயும் வரும். விடாம செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். மந்திரிக்கிறோம் கிந்திரிக்கிறோம்னு ஒரு தவணையையும் விட்டுடாதீங்க." பேசிக்கொண்டே அவள் குனிந்தாள். கடையின் விளக்கு வெளிச்சத்தில் அந்த மற்றக் கண்ணை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

"பாக்காதே! பாக்காதேன்னு சொல்றேன்!"

அனுப்ரியா துப்பட்டாவை உருவிப் பிள்ளையின் முகத்தில் போட்டு மூடினாள். துணிக்குள்ளிருந்து பிள்ளை வீறிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கூட்டத்துக்குள் போனாள்.

வலது கண்ணை முத்தாயியால் பார்க்க முடியவில்லை.

அவள் நிமிர்ந்தபோது மொத்தக் கடைவரிசையும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீன் வெட்டுகிறவர், தேங்காய் துருவுகிறவர், பை நிறையக் காய் வாங்கிய அம்மாக்கள். கைக்குழந்தையோடு நின்ற ஓர் இளம்பெண், குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கெளம்புங்க," என்றார் காய்கறிக்காரர். "காசெல்லாம் வேணாம். கெளம்புங்க."

அவள் பொறுக்கிய கத்திரிக்காயைப் பையில் போட்டுக் கட்டினார். பையை அவள் கையில் கொடுக்கவில்லை. மேடை மேல் வைத்து, தராசுத் தட்டின் விளிம்பால் அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார்.